லோகோ ஓரத்தில் கறுப்புக் கோடு, ஃபேட் நடுவே எட்டிப் பார்க்கும் பின்னணி: ஆல்ஃபா எங்கே குழம்புகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் செய்து அனுப்பிய லோகோ அனிமேஷனை டைம்லைனில் வைக்கிறீர்கள். இருண்ட ஷாட்டின் மேல் நன்றாக இருக்கிறது. வெளிச்சமான ஷாட்டின் மேல் ஓரமெல்லாம் மெல்லிய கறுப்புக் கோடு. ஒரு டைட்டிலை மங்கவிட்டு இன்னொன்றைக் கொண்டுவரும்போது, இரண்டுக்கும் அடியிலிருக்கும் வீடியோ நடுவில் எட்டிப் பார்க்கிறது. பின்னணி இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்த ஃபைலோ பிளேயரில் கறுப்புப் பின்னணியோடு திறக்கிறது. ஒரு மென்பொருளில் சரியாக இருப்பது இன்னொன்றில் கெடுகிறதே, இது யாருடைய பிழை என்பதுதான் கேள்வி. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதலாவது, ஃபைலைப் படிக்கும் முறை பற்றியது. இரண்டாவது வெறும் கணக்கு. மூன்றாவது கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை. மூன்றிலுமே மென்பொருள் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு.

ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஆல்ஃபா என்ற எண் இருக்கிறது. 8 பிட்டில் 0 என்றால் அந்த இடம் காலி, 255 என்றால் முழுதாக மூடியிருக்கிறது. லோகோவின் நடுவில் ஆல்ஃபா 255, வெளியே 0. சிக்கலெல்லாம் ஓரத்தில் வரும் ஒன்றிரண்டு பிக்சல்களில்தான், ஏனென்றால் அங்கேதான் ஆல்ஃபா நடுத்தரமாக இருக்கும். அந்தப் பாதி மூடிய பிக்சலில் நிறத்தை எப்படி எழுதி வைப்பது என்பதற்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று ஸ்ட்ரெயிட்: நிறத்தை முழு நிறமாகவே எழுதிவிட்டு, எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை ஆல்ஃபாவிடம் விடுவது. மற்றது ப்ரீமல்டிப்ளைட்: நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கிக் குறைத்த பிறகே எழுதுவது. தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் எழுதிய கட்டுரை, இந்த இரண்டாவது முறையை வைத்துத்தான் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் கணக்குகளை வகுத்தது. இன்றைய கம்பாசிட்டிங் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

0 முதல் 1 வரையிலான அளவில் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெள்ளை லோகோவின் ஓரப் பிக்சல் ஒன்று, ஆல்ஃபா 0.5. ஸ்ட்ரெயிட் ஃபைலில் அதன் நிறம் 1.0 என்றும், ப்ரீமல்டிப்ளைட் ஃபைலில் 0.5 என்றும் இருக்கும். வெள்ளைப் பின்னணியின் மேல் வைத்தால் விடை 1.0 வர வேண்டும். வெள்ளையின் மேல் வெள்ளைக்கு ஓரமே தெரியக் கூடாது. ப்ரீமல்டிப்ளைட் ஃபைலைச் சரியாகப் படித்தால் 0.5 + 0.5 × 1.0 = 1.0. அதையே ஸ்ட்ரெயிட் என்று நினைத்துப் படித்தால், மென்பொருள் நிறத்தை மறுபடி ஆல்ஃபாவால் பெருக்கும்: 0.25 + 0.5 = 0.75. வரி பிடித்த சம்பளத்தில் இன்னொரு முறை வரி பிடித்த மாதிரி. 8 பிட் அளவில் 191. வெள்ளையின் நடுவே சாம்பல் கோடு. நீங்கள் பார்க்கும் கறுப்புக் கோடு பெரும்பாலும் இதுதான். இருண்ட ஷாட்டின் மேலும் இதே தவறு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே 0.5 வர வேண்டிய இடத்தில் 0.25 வருகிறது, லோகோ ஒரு நூலளவு மெலிந்து தெரியும், யாரும் கவனிப்பதில்லை.

தலைகீழாகவும் நடக்கும். ஸ்ட்ரெயிட் ஃபைலை ப்ரீமல்டிப்ளைட் என்று படித்தால் ஓரங்கள் தேவைக்கு மேல் பளிச்சிடும், படிக்கட்டு போல உடையும். புகை, நிழல், ஒளிவட்டம் போன்ற மென்மையானவை கெட்டியான திட்டுகளாக மாறும். ஆல்ஃபா 0 உள்ள இடங்களில் ஸ்ட்ரெயிட் ஃபைலில் என்ன நிறம் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம் என்பதால், காலியாக இருக்க வேண்டிய இடத்தில் குப்பையும் தெரியலாம்.

எந்த வகை ஃபைல் என்று கண்டுபிடிக்கக் கண்ணே போதும். ஆல்ஃபாவைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டு நிறத்தை மட்டும் பாருங்கள். லோகோ கறுப்பின் மேல் வழுவழுப்பான ஓரத்தோடு, பார்க்க அழகாக இருந்தால் அது ப்ரீமல்டிப்ளைட். ஓரம் உடைந்து, நிறம் உருவத்தின் எல்லையைத் தாண்டி வழிந்து, அசிங்கமாக இருந்தால் ஸ்ட்ரெயிட். அசிங்கமாகத் தெரிவதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஸ்ட்ரெயிட் அப்படித்தான் இருக்க வேண்டும். சரிபார்க்கும்போது கறுப்பு, வெள்ளை, அடர்த்தியான ஏதாவது ஒரு நிறம் என மூன்று பின்னணிகளில் வைத்துப் பாருங்கள். கறுப்பின் மேல் மட்டும் பார்த்து ஒப்புதல் தருவதுதான் இந்தக் கோடு கடைசி நேரம் வரை ஒளிந்திருக்கக் காரணம்.

மாற்றும் இடம் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ப்ராஜெக்ட் பேனலில் ஃபைலைத் தேர்ந்து கண்ட்ரோல், ஆல்ட், ஜி அழுத்தினால் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் திறக்கும். அங்கே இக்னோர், ஸ்ட்ரெயிட், ப்ரீமல்டிப்ளைட் மூன்றும் உண்டு; கெஸ் என்ற பொத்தானும் உண்டு, அதன் பெயரே ஊகம் என்பதை மறக்க வேண்டாம். ப்ரீமல்டிப்ளைட் தேர்ந்தால் எந்த நிறத்தின் மேல் கலந்தது என்றும் கேட்கும்; வழக்கமாகக் கறுப்பு, ஆனால் வெள்ளையின் மேல் ரெண்டர் செய்த ஃபைல்களும் வருவதுண்டு. அவற்றில் கோடு வெள்ளையாக இருக்கும். டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்பின் மேல் வலது கிளிக், கிளிப் ஆட்ரிபியூட்ஸ், ஆல்ஃபா மோட். ஃபைனல் கட்டில் இன்ஸ்பெக்டரின் செட்டிங்ஸ் பார்வையில் ஆல்ஃபா ஹேண்ட்லிங். ப்ரீமியரில் மாடிஃபை மெனுவுக்குள் இருக்கும் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ். எதிலும் டைம்லைனில் இருக்கும் கிளிப்பில் எஃபெக்ட் போட்டுச் சமாளிப்பதைவிட, மூல ஃபைலிலேயே மாற்றுவது நல்லது.

ஃபைல் வகையே விடை சொல்லிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. பிஎன்ஜி அதன் தர வரையறையின்படி எப்போதும் ஸ்ட்ரெயிட். ஓபன்இஎக்ஸ்ஆர் வழக்கப்படி ப்ரீமல்டிப்ளைட். டிஃப் ஃபைலில் இரண்டும் சாத்தியம், எது என்று குறிக்க ஃபைலுக்குள்ளேயே ஒரு இடம் உண்டு. அதை எழுதும் மென்பொருள் ஒழுங்காக எழுதியிருந்தால் சரி. ப்ரோரெஸ் 4444 வீடியோதான் தகராறு பிடித்தது. இரண்டு விதமாகவும் நடைமுறையில் வருகிறது, அனுப்பியவரைக் கேட்பதே குறுக்குவழி.

எல்லா ஓரக் கோடும் இந்தக் காரணத்தால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைத் தாளில் இருந்த லோகோவை யாரோ மேஜிக் வாண்ட் கொண்டு வெட்டி பிஎன்ஜி ஆக்கியிருந்தால், அந்த வெள்ளை ஓரப் பிக்சல்களின் நிறத்திலேயே ஊறியிருக்கும். படிக்கும் முறையை எப்படி மாற்றினாலும் போகாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரிமூவ் கலர் மேட்டிங் என்ற எஃபெக்ட் ஓரளவு உதவும். இல்லாவிட்டால் மேட்டை, அதாவது எது தெரிய வேண்டும் என்று காட்டும் ஆல்ஃபா வடிவத்தை, ஒரு பிக்சல் உள்ளே இழுக்க வேண்டும், அல்லது மூல வெக்டர் ஃபைலைக் கேட்டு வாங்க வேண்டும். நான் மூன்றாவதையே சொல்வேன். இன்னொரு காரணம், அளவு மாற்றம். படத்தை 100 சதவீதத்தில் பார்க்கும்போது இல்லாத கோடு, சிறிதாக்கினால் மட்டும் வருகிறதா? அப்படியானால் மென்பொருள் ஸ்ட்ரெயிட் நிறத்தை அப்படியே சுருக்குகிறது. பக்கத்தில் ஆல்ஃபா 0 உள்ள பிக்சல்களில் ஒளிந்திருக்கும் கறுப்பும் சராசரியில் சேர்ந்துவிடுகிறது.

இதிலிருந்து வரும் விதி ஒன்று, நோட்களை (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி, அவற்றைக் கோடுகளால் இணைப்பது) வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அவசியம். மங்கலாக்குவது, அளவு மாற்றுவது, சுழற்றுவது போல அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும் வேலைகளை ப்ரீமல்டிப்ளைட் நிலையில் செய்ய வேண்டும். நிறத் திருத்தத்தைப் பெருக்கலைப் பிரித்துவிட்டுச் செய்து, பிறகு திரும்பப் பெருக்க வேண்டும். நியூக்கில் அன்ப்ரீமல்ட், ப்ரீமல்ட் என்ற இரண்டு நோட்களும், ஃபியூஷனில் ஆல்ஃபா டிவைட், ஆல்ஃபா மல்டிப்ளை நோட்களும் இதற்காகவே இருக்கின்றன. மறந்தால் என்ன ஆகும்? ப்ரீமல்டிப்ளைட் படத்தில் கறுப்பு அளவைக் கொஞ்சம் தூக்கினால், ஆல்ஃபா 0 உள்ள காலி இடத்தின் 0 நிறமும் மேலே வந்துவிடும். லோகோவைச் சுற்றி முழு ஃபிரேம் அளவுக்கு மங்கலான சாம்பல் செவ்வகம் மிதக்கும். அந்தச் செவ்வகத்தைக் கண்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, ஃபேட். மேல் டைட்டிலின் ஒப்பாசிட்டி (எவ்வளவு மூடுகிறது என்ற சதவீதம்) 0இலிருந்து 100க்கு ஏறுகிறது, கீழ் டைட்டிலுடையது 100இலிருந்து 0க்கு இறங்குகிறது. நடுவில் இரண்டும் 50. ஐம்பதும் ஐம்பதும் நூறு என்று மனம் கூட்டுகிறது, மென்பொருள் அப்படிக் கூட்டுவதில்லை. கீழ் லேயர் பின்னணியில் பாதியை மறைக்கிறது. மேல் லேயர் மிஞ்சியதில் பாதியை மறைக்கிறது. மொத்தம் 75 சதவீதம்தான் மூடப்படுகிறது, 25 சதவீதம் பின்னணி தெரிகிறது. 50 வைத்த மூன்று லேயர்களை அடுக்கினாலும் 87.5 தான், 100 ஒருபோதும் வராது. இது பிழையல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பதற்கான சரியான கணக்கே இது. உங்களுக்கு வேண்டியது வைப்பதல்ல, கூட்டுவது.

வழிகள் பல. இரண்டும் முழு ஃபிரேமை நிறைக்கும் படங்களென்றால், கீழே உள்ளதை 100இலேயே நிறுத்திவிட்டு மேலே உள்ளதை மட்டும் ஏற்றுங்கள். ஏறி முடிந்ததும் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். டைட்டில் போலத் தனித்தனி உருவமுள்ளவற்றுக்கு இது சரிவராது, கீழ் எழுத்து கடைசிவரை நின்று சட்டென்று மறையும். அவற்றை ஒரே டிராக்கில் அடுத்தடுத்து வைத்து கிராஸ் டிசால்வ் போடுங்கள். அது இரண்டையும் விகிதப்படி கூட்டிய பிறகே பின்னணியின் மேல் வைக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆல்ஃபா ஆட் என்ற பிளெண்ட் மோட் (லேயர்களைக் கலக்கும் முறை) இதே வேலையைச் செய்கிறது. ஒரு படத்தை மாஸ்க் போட்டு இரண்டாக வெட்டி மறுபடி ஒட்ட வைக்கும்போது தெரியும் மயிரிழைக் கோட்டுக்கும் மருந்து அதுதான், ஏனெனில் அங்கும் 50ஐயும் 50ஐயும் வைத்து 75 வாங்குகிறோம்.

இதன் தங்கை ஒருத்தி உண்டு. பெட்டி, அதன் மேல் எழுத்து, அதன் மேல் ஐகான் என்று அடுக்கிய ஒன்றை மங்கவிட, மூன்றின் ஒப்பாசிட்டியையும் தனித்தனியே குறைத்தால் எழுத்துக்குள் பெட்டியின் விளிம்பு தெரியும். மூன்றையும் ஒரே கிளிப்பாகக் கட்டி, அதாவது நெஸ்ட் அல்லது காம்பவுண்ட் கிளிப் ஆக்கி, அந்தக் கூட்டின் ஒப்பாசிட்டியை மட்டும் குறையுங்கள். ஆனால் நெஸ்ட் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மல்டிப்ளை, ஸ்க்ரீன் போன்ற மோட்கள் அடியில் இருக்கும் நிறத்தோடு கணக்கிடுபவை. நெஸ்டுக்குள் அடியில் ஒன்றுமே இல்லையென்றால் கணக்கிட எதுவும் கிடையாது, அந்த லேயர் நார்மல் போலவே வெளியே வரும். நெஸ்ட் செய்ததும் ஸ்க்ரீன் வேலை செய்யவில்லை, கறுப்புப் பெட்டி வந்துவிட்டது என்ற புகாருக்குக் காரணம் இதுவே. அந்த மோடை உள்ளிருந்து எடுத்து நெஸ்டின் மேல் போட்டால் தீர்ந்தது.

மூன்றாவது, எக்ஸ்போர்ட். எடிட்டிங் மென்பொருளின் முன்னோட்டத்தில் காலி இடமும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும். முதலில் காலி இடத்தைக் கட்டங்களாகக் காட்டும் டிரான்ஸ்பரன்சி கிரிட்டை இயக்கிப் பாருங்கள். கட்டங்கள் தெரியவில்லையென்றால் அடியில் எங்கோ ஒரு கறுப்புக் கிளிப் இருக்கிறது. கட்டங்கள் தெரிந்தால் அடுத்தது கோடெக். வழக்கமான எச்.264 எம்பி4இல் ஆல்ஃபா போகாது. ப்ரோரெஸ் 422 வகைகளிலும், எச்க்யூ உட்பட, கிடையாது. ப்ரோரெஸ் 4444 வேண்டும். கோடெக் சரியாக இருந்தாலும் ஆல்ஃபாவைச் சேர்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அவுட்புட் மாட்யூலில் சேனல்ஸ் என்ற இடம் ஆர்ஜிபி என்றே நிற்கும், அதை ஆர்ஜிபி ப்ளஸ் ஆல்ஃபா ஆக்க வேண்டும். ப்ரீமியரில் டெப்த் தேர்வில் ஆல்ஃபா சேர்ந்த வரியைத் தேர வேண்டும். ரிசால்வில் எக்ஸ்போர்ட் ஆல்ஃபா என்ற டிக். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் ஆல்ஃபாவுக்கென்றே தனி முன்னமைப்புகள் இருக்கின்றன.

இத்தனையும் செய்த பிறகு சாதாரண பிளேயரில் திறந்தால் மறுபடி கறுப்பு தெரியலாம். பிளேயருக்கு அடியில் காட்ட எதுவும் இல்லை, அதனால் கறுப்பின் மேல் வைக்கும், அல்லது ஆல்ஃபாவையே விட்டுவிடும். அதை வைத்து முடிவு செய்யாமல், ஃபைலை வேறொரு டைம்லைனில் ஒரு நிறத்தின் மேல் போட்டுப் பாருங்கள். வெப்எம் விபி9 ஃபைல்களில் இன்னும் ஒரு பொறி. ஆல்ஃபா அங்கே தனி ஓடையாகப் பக்கத்தில் வைக்கப்படுகிறது. வீடியோ மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த விபி9 டிகோடர் அதைக் கண்டுகொள்ளாது. உள்ளீட்டு ஃபைலுக்கு முன்பாகவே லிப்விபிஎக்ஸ் டிகோடரைக் குறிப்பிட்டால்தான் ஆல்ஃபா கிடைக்கும். இணையப் பக்கத்துக்கான வீடியோ என்றால், குரோம் விபி9 ஆல்ஃபாவைக் காட்டும். சஃபாரிக்கு ஆப்பிள் 2019இல் கொண்டுவந்த ஆல்ஃபாவுடன் கூடிய எச்ஈவிசி வேண்டும். இரண்டையும் செய்து வைப்பதே நடைமுறை.

சிலர் ஆல்ஃபாவை உள்ளே வைக்காமல், கறுப்பு வெள்ளை மேட்டாகத் தனி வீடியோவில் அனுப்புவார்கள். அதில் வரும் கோளாறு வேறு மாதிரி: காலியாக இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஆவி போல ஒரு சாயல், முழுதாக மூட வேண்டிய இடத்தில் கொஞ்சம் ஊடுருவல். வீடியோ வழக்கப்படி கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் எழுதப்பட்டு, முழு அளவாக வாசிக்கப்பட்டால் இப்படி ஆகும். 16 என்பது 255இல் சுமார் 6 சதவீதம், 235 என்பது 92. மேட்டின் மேல் லெவல்ஸ் போட்டு 16ஐ 0க்கும் 235ஐ 255க்கும் இழுத்தால் சரியாகும். அந்த மேட் கிளிப்பின் மேல் நிற மேலாண்மையோ எல்யூடியோ (நிறங்களை மாற்றும் அட்டவணை) படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் ஓரம் தடிக்கும் அல்லது மெலியும்.

இதுவரை சொன்னவை கணக்கும் வரையறையும் சார்ந்தவை, ஐயமில்லை. இனி வருவதில் ஒரே விடை கிடையாது. கலக்கும் கணக்கை ஃபைலில் இருக்கும் எண்களின் மேல் செய்வதா, அவை குறிக்கும் உண்மையான ஒளி அளவின் மேல் (லீனியர்) செய்வதா? ஃபைலில் இருக்கும் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான வழக்கமான நிற அளவை) எண்களின் மேலேயே செய்தால், வெள்ளையின் மேல் 50 சதவீதக் கறுப்பு 128 தரும். ஒளி அளவில் செய்தால் 188 தரும். அதனால்தான் ஒரே பிஎன்ஜியின் நிழல் ஒரு மென்பொருளில் அழுத்தமாகவும் இன்னொன்றில் வெளிறியும் தெரிகிறது. ஒளி அளவில் கலந்தால் வெள்ளை எழுத்து தடித்தும் கறுப்பு எழுத்து மெலிந்தும் போகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் 1.0 காமா கொண்டு கலக்கும் தேர்வும், ப்ரீமியரின் சீக்வென்ஸ் செட்டிங்ஸில் காம்பாசிட் இன் லீனியர் கலர் என்ற தேர்வும் இதைத்தான் மாற்றுகின்றன. இயக்க மங்கல், கண்ணாடி, நெருப்பு, ஒளிப்பிழம்பு இவற்றுக்கு ஒளி அளவில் கலப்பதே இயல்பாகத் தெரியும். ஆனால் வடிவமைப்பாளர் பார்த்து ஒப்புக்கொண்ட லோகோ, அட்டை, நிழல் எல்லாம் மற்ற முறையில் பார்த்துச் செய்யப்பட்டவை.

ஒரு முறையில் செய்ததை ஆல்ஃபாவைத் திருத்தி இன்னொன்றுக்குப் பொருத்த முடியாதா என்று கேட்பீர்கள். எல்லாப் பின்னணிக்கும் முடியாது. ஒளி அளவில் கலந்து 128 வாங்க, வெள்ளையின் மேல் வைக்கும் கறுப்புக்கு ஆல்ஃபா 0.78 வேண்டும், கறுப்பின் மேல் வைக்கும் வெள்ளைக்கு 0.22 போதும். திருத்தம் பின்னணியைப் பொறுத்தே எதிரெதிர்த் திசையில் போகிறது. ஆகவே கிராஃபிக்ஸ் மட்டும் நிறைந்த டைம்லைன் என்றால் லீனியர் தேர்வை அணைத்து வைப்பதையும், நேரடிப் படப்பிடிப்போடு கலக்கும் வேலையென்றால் இயக்கிவிட்டு நிழல்களை அங்கேயே புதிதாகச் செய்துகொள்வதையும் நான் பரிந்துரைப்பேன். இது என் தேர்வு; மாற்றிச் செய்து நன்றாக வேலை எடுப்பவர்களும் உண்டு.

உங்கள் லோகோவில் தெரியும் கோடு எந்த வகை என்று ஃபைலைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் லீனியர் தேர்வை மாற்றி மாற்றிப் பாருங்கள். கோட்டின் அழுத்தம் மட்டும் கூடிக் குறைந்து, கோடு அப்படியே நின்றால் சந்தேகத்தை ப்ரீமல்டிப்ளைட் பக்கம் திருப்பலாம். பிறகு ஆல்ஃபாவைப் புறக்கணித்த நிலையில் ஓரத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், கோடெக் பெயரும், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதும் இங்கே போடுங்கள். அவை மூன்றும் இருந்தால் மிச்சத்தைச் சொல்லிவிடலாம்.